ஸ்பே ஆற்றங்கரையில் ஒரு வடிசாலை, மல்வேர்னில் ஒரு போத்தல்

ஸ்கொட்லாந்துக்குப் போகிற எங்கள் ஆட்கள் கோட்டையையும் ஏரியையும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். விஸ்கி வடிசாலைக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள் என்று இந்த வலைப்பூவில் ஒரு வாசகி கேட்டிருந்தார். நாங்கள் போயிருக்கிறோம். 1997 ஆடி மாதம், ரொறன்ரோவிலிருந்து, நானும் என் கணவரும் மட்டும், எட்டு நாள். விலைகள் அந்தக் காலத்து விலைகள். தூரம் மாறியிருக்காது. வடிசாலையின் பெயரை எழுதவில்லை. எங்களுக்கு அங்கே தெரியவந்த விஷயம் அந்த ஆற்றங்கரையில் எந்த வடிசாலையிலும் தெரியவந்திருக்கும்.

நான் விஸ்கி குடிக்கிறவள் இல்லை. போனதற்குக் காரணம் ரொறன்ரோ மல்வேர்னில் எங்கள் வீட்டுச் சோகேசில் கிடந்த ஒரு போத்தல். 1985இல் மகள் நிலானி பிறந்தபோது, இவர் வேலை செய்த தொழிற்சாலையின் போர்மன் அதைக் கொண்டுவந்து தந்தார். அவர் ஸ்கொட்லாந்திலிருந்து வந்து குடியேறிய மனிதர். பீப்பாவில் பன்னிரண்டு வருடம் இருந்த விஸ்கி, பிள்ளையின் கலியாணத்துக்குத் திறவுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இவருக்கு அது வேதவாக்கு. ஏதோ ஒரு ரெஸ்ரோரன்ரில் வைன் போத்தல்களைப் படுக்கப் போட்டிருப்பதைக் கண்டவர், சோகேசின் கீழ்த்தட்டில் நீல வெல்வெற் விரித்துப் போத்தலைக் கிடத்தினார். அந்தத் தட்டுக்கு நேர் கீழேதான் ஹீற்றரின் சூட்டுக்காற்று வருகிற வாய். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் போத்தலைக் காட்டி, “இப்ப உதுக்கு வயசு பதினேழு”, “இப்ப பதினெட்டு” என்று கணக்குச் சொல்லுவார். மகளின் வயதைக் கேட்டால் ஒரு கணம் யோசித்துத்தான் சொல்லுவார், போத்தலின் வயது நாக்கு நுனியில் நிற்கும்.

1990இல் என் ஒரே தம்பி சிவா கனடாவுக்கு வந்து சேர்ந்து, எங்கள் பேஸ்மன்ற்றில் இருந்தான். மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. 1993 கிறிஸ்மஸ் விடுமுறையில் நாலு குடும்பத்தைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம். இவர் வழக்கம்போலப் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். விஸ்கி மூன்று விரல் அளவுக்குக் குறைந்திருந்தது. மூடியைச் சுற்றியிருந்த தாள் உப்பி, ஒரு பக்கம் பிளந்தும் இருந்தது.

இவர் சிவாவைக் கீழே இருந்து கூப்பிட்டார். அவன் கையில் சோற்றுத் தட்டத்தோடு ஏறி வந்தான்.

“வாயை ஊது பாப்பம்,” என்றார்.

விருந்தாளிகள் சுற்றி இருக்க, இருபத்தாறு வயது ஆண்பிள்ளை வாயைத் திறந்து ஊதினான். இவர் மணந்து பார்த்தார். ஒன்றும் மணக்கவில்லை. “ரெண்டு நாளைக்கு முந்திக் குடிச்சால் மணக்காது,” என்றார். பிறகு அந்தச் சொல்லையும் சொன்னார். கள்ளன். அடுத்த நாள் காலையில் சிவா இரண்டு பைகளோடு நகருக்கு மேற்கே பிறம்ரனுக்குப் போய்விட்டான். அங்கே ஒரு வெயார்ஹவுசில் வேலையும் எடுத்துக்கொண்டான். இவர் சோகேசைப் பூட்டிவிட்டு, போத்தலைக் கையில் எடுக்காமல் கண்ணாடிக்கு வெளியே நின்றே விருந்தாளிகளுக்குக் காட்டினார். அதன்பிறகு அத்தானும் மச்சானும் முகம் பார்க்கவில்லை. இவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து அவன் எனக்குப் போன் எடுப்பான். அவ்வளவுதான் எங்கள் உறவு.

1997 ஆனியில் நிலானி பெரியபிள்ளையானாள். புரட்டாதி முதற் சனிக்கிழமைக்கு ஸ்காபரோவில் ஒரு கலியாண ஹோல் வாடகைக்கு எடுத்தோம். சாமத்தியவீட்டில், அந்தப் பூப்புனித நீராட்டு விழாவில், பிள்ளையின் தலையில் முதல் தண்ணீர் வார்க்க வேண்டியது தாய்மாமன். இன்னொருவரை வைத்தும் செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் உயிரோடு, ஐம்பத்தெட்டுக் கிலோமீற்றரில் ஒரு மாமன் இருக்கிறபோது எந்த முகத்தோடு இன்னொருவரைக் கேட்பது? இவரிடம் சொன்னேன். “உவன் வந்தால் நான் ஹோலுக்கு வரமாட்டன்,” என்றார். சிவாவிடம் சொன்னேன். “அத்தான் கூப்பிடாமல் நான் வரமாட்டன் அக்கா,” என்றான். ஸ்கொட்லாந்துப் பயணச்சீட்டு மாரிகாலத்திலேயே வாங்கியாயிற்று, காசு திருப்பித் தரமாட்டார்கள். தொழிற்சாலையும் ஆடியில் இரண்டு கிழமை மூடுவார்கள். மகளை அஜின்கோர்ட்டில் இவரின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, மனமே இல்லாமல் கிளம்பினேன்.

இனிப் பயணம். மல்வேர்னிலிருந்து விமான நிலையம் 401 வீதி வழியாக நாற்பது கிலோமீற்றர்; வெள்ளிக்கிழமை பின்னேரம் என்றால் ஒன்றரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் ரொறன்ரோவிலிருந்து கிளாஸ்கோவுக்கு நேரே போகிற மலிவு விமானம் இருந்தது, ஆளுக்கு 589 டொலர். ஏழு மணித்தியாலம், கால் நீட்ட இடமில்லை. காலை எட்டு மணிக்கு இறங்கியபோது ஆடி மாதத்தில் பதினொரு பாகை குளிர். சுவெற்றரைச் சூட்கேசின் அடியில் வைக்காதீர்கள்.

சின்னக் கார் ஒன்று கிழமைக்கு 145 பவுண். வீதியின் இடப்பக்கம் ஓட்ட வேண்டும். கனடாவிலேயே கார் பழகியவர்கள் யோசித்துச் செய்யுங்கள். இவர் யாழ்ப்பாணத்தில் லொறி ஓட்டியவர், சாரத்தை மடித்துக் கட்டாத குறையாகச் சந்தோசமாக ஓட்டினார். கிளாஸ்கோவிலிருந்து பேர்த், அங்கிருந்து அவிமோர், பிறகு ஸ்பே ஆற்றை ஒட்டிய சின்ன வீதி. மொத்தம் 290 கிலோமீற்றர். இரண்டு இடத்தில் தேத்தண்ணீருக்கு நிறுத்தி ஐந்து மணித்தியாலம் எடுத்தோம். பேர்த்தைத் தாண்டியதும் மலைகள் வந்துவிடும். மரமில்லாத மலைகள், ஊதா நிறத்தில் ஒரு பற்றை, எங்கு பார்த்தாலும் செம்மறி. எனக்கு அந்த வெறுமை பிடித்திருந்தது. அந்த மனநிலைக்குப் பூங்காவும் கடையும் இருந்திருந்தால் எரிச்சல்தான் வந்திருக்கும்.

தங்கினது ஒரு வீட்டில், காலைச் சாப்பாட்டோடு ஆளுக்கு 17 பவுண். வீட்டுக்காரப் பெண்ணுக்கு முன்கூட்டியே சொன்னால் மச்சம் மாமிசம் இல்லாமலும் தருவார். சொல்லாவிட்டால் பன்றி இறைச்சி இரண்டு விதமாகத் தட்டத்தில் வந்து நிற்கும். மிளகாய்த்தூள் ஒரு சின்னப் போத்தலில் கொண்டுபோங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வடிசாலையில் முதற் சுற்று காலை பத்து மணிக்கு. ஆளுக்கு இரண்டு பவுண். எங்களோடு ஒரு ஜேர்மன் தம்பதியும் இரண்டு மாணவர்களும். கூட்டிக்கொண்டு போனவர் ஐலீன் என்கிற பெண்மணி. அறுபது வயது இருக்கும், அந்த ஊரிலேயே பிறந்தவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

அந்த மலையடிவாரத்தில் பார்லி விதைத்த கமக்காரர்கள் முதலில் வரி கட்டாமல் களவாகத்தான் வடித்திருக்கிறார்கள். வரிகாரர் வருவது தெரிந்தால் கருவிகளை ஆற்றுக்குள் இறக்கிவிடுவார்களாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அனுமதி எடுப்பது மலிவானதும், ஒரு கமக்காரர் துணிந்து அனுமதி எடுத்தார். களவாக வடித்துக்கொண்டிருந்த அயலவர்கள், காட்டிக்கொடுக்கப் போகிறான் என்று அவரோடு பல வருடம் கதைக்கவில்லை. பிறகு ரயில் வந்தது, வடிசாலை வளர்ந்தது. போர்க்காலத்தில் பார்லி சாப்பாட்டுக்கு வேண்டும் என்று மூடினார்கள். எண்பதுகளில் உலகம் முழுக்க விஸ்கி தேங்கி, விற்பனை படுத்து, அடுப்புகள் சில வருடம் அணைந்தே கிடந்தன. அந்த வருடங்களில் ஊரை விட்டுப் போனவர்களின் வீடுகளை ஐலீன் யன்னலால் கையை நீட்டிக் காட்டினார். இரண்டில் இன்னும் ஆள் இல்லை.

வடிக்கிற முறை விளங்கிக்கொள்ள இலகு. பார்லியை ஊறவைத்து முளைகட்ட விடுகிறார்கள். முளை வந்ததும் உலர்த்துகிறார்கள். அதற்கு எரிக்கிறது பீற் என்கிற கரி மண், அதன் புகை தானியத்தில் ஏறும். அரைத்து, வெந்நீரில் கரைத்து, ஈஸ்ற் போட்டு, வீட்டை விடப் பெரிய மரத்தொட்டிகளில் புளிக்க விடுகிறார்கள். தொட்டியை எட்டிப் பார்த்தேன், மூக்கில் அடித்தது. அப்பமாவைச் சூடான நாளில் மறந்துபோய் விட்டுவைத்தால் வருகிற அதே மணம். பிறகு இரண்டு முறை செப்பு உலைகளில் வடித்தெடுக்கிறார்கள். கழுத்து நீண்டு வளைந்த அந்த உலைகளை எத்தனை வருடம் கழித்து மாற்றினாலும் பழைய உலையின் வடிவத்திலேயே செய்வார்களாம்; நெளிவு இருந்தால் நெளிவையும் சேர்த்து.

உலைகளுக்கு முன்னால் கண்ணாடியும் பித்தளையுமாக ஒரு பெட்டி. வடிந்த சாராயம் அதற்குள்ளால்தான் ஓடும், பெட்டிக்குப் பெரிய பூட்டு. உலை பார்க்கிறவர் பார்க்கலாம், தொட முடியாது. பூட்டின் திறப்பு முன்பெல்லாம் அரசாங்கத்தின் வரி அதிகாரியிடம் இருக்கும், அவருக்கு வடிசாலைக்குள்ளேயே வீடும் கொடுத்திருந்தார்களாம். “அப்படியும் களவு நின்றதா?” என்று ஐலீனே கேட்டு, அவரே சிரித்தார். தொழிலாளர்கள் செப்புக் குழாய் ஒன்றைக் காற்சட்டைக்குள் தொங்கவிட்டு, பீப்பாவிலிருந்து நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார்களாம்.

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் பக்கம் குனிந்து, “பாத்தீரோ, உந்தக் கைப்பழக்கம் எல்லா நாட்டிலையும் இருக்கு,” என்றார். யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஜேர்மன்காரர் பக்கத்தில் நின்றதால் வாயை மூடிக்கொண்டேன். அந்த நேரத்தில் அந்த மனிதரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தது பீப்பாக்கள் வைக்கிற கிடங்கு. தடித்த கற்சுவர், மண் தரை, வெளிச்சமே இல்லை. அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாக்களும், ஸ்பெயின் நாட்டு ஷெரி வைன் இருந்த பீப்பாக்களும் அடுக்கியிருந்தன. தண்ணீர் நிறத்தில் உள்ளே போகிற சாராயம் இந்த ஓக் மரத்திலிருந்துதான் நிறத்தையும் வாசனையையும் எடுக்கிறது. குறைந்தது மூன்று வருடம் மரத்தில் கிடந்தால்தான் சட்டப்படி அதை ஸ்கொட்ச் விஸ்கி என்று சொல்லலாம். மரம் மூச்சு விடுமாம், ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கு இரண்டு பங்கு ஆவியாகிவிடும். பேசாமல் நின்றால் அந்தக் கிடங்குக்குள் ஒரு கோயில் மூலஸ்தானத்தின் குளிர்ச்சி இருந்தது. அதைச் சொன்னால் பாவமோ தெரியாது, எனக்கு அப்படித்தான் பட்டது.

கடைசியில் ஒரு சின்ன அறையில் மேசைக்கு நாலு குவளை. வடித்த கையோடு எடுத்த வெள்ளைச் சாராயம் பேரிக்காய் மணந்தது, ஆனால் நாக்கைச் சுட்டது. பத்து வருடத்ததில் புகை முன்னால் நின்றது. மழையில் நனைந்த விறகைப் பற்றவைத்த மாதிரி. பன்னிரண்டு வருடத்ததில் தேனும் காய்ந்த தோடம்பழத் தோலும். பதினெட்டு வருடத்தது ஷெரிப் பீப்பாவில் கிடந்தது, நிறமே தேத்தண்ணீர்ச் சாயம், கிறிஸ்மஸ் கேக்கின் மணம். நான் உதட்டில் தொட்டதோடு சரி. காரோட்டுகிறவர்கள் குடிக்க வேண்டாம், கேட்டால் சின்னக் குப்பியில் ஊற்றித் தருகிறார்கள். இவருக்கும் அப்படித்தான் தந்தார்கள்.

இவர் இந்தக் கணத்துக்காகத்தான் அத்திலாந்திக்கைத் தாண்டி வந்திருந்தார். பணப்பையைத் திறந்து, மகளின் படத்துக்குப் பின்னாலிருந்து போத்தலின் படத்தை எடுத்தார். கிடைத்த வருடமே, வெல்வெற்றில் படுக்கவைத்து எடுத்த படம்.

“இந்த வடிசாலையின் விஸ்கிதான். எண்பத்தைந்தில் பன்னிரண்டு வயது. இப்போது இருபத்து நான்கு. இதற்கு இன்று என்ன பெறுமதி வரும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஜேர்மன்காரரும் எட்டிப் பார்த்தார்.

ஐலீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். “இருபத்து நான்கு இல்லை. இன்றைக்கும் பன்னிரண்டுதான்,” என்றார். “விஸ்கிக்கு வயது போவது மரத்தில் மட்டும். போத்தலுக்குள் போன நாளோடு அது நின்றுவிடும். நூறு வருடம் வைத்திருந்தாலும் பன்னிரண்டுதான்.”

பன்னிரண்டு வருடம் எங்கள் வீட்டுக்கு வந்து போன அத்தனை பேருக்கும் சொன்ன கணக்கு. இவர் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார். எனக்குக்கூடப் பாவமாக இருந்தது. அதோடு முடிந்திருந்தால் இது ஒரு வேடிக்கைக் கதையாகப் போயிருக்கும்.

ஐலீன் படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. “ஏன் படுக்க வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

“வைனைப் போல,” என்றார் இவர்.

“வைனைப் படுக்க வைக்க வேண்டும், விஸ்கியை வைக்கக் கூடாது. இது கடுமையான சாராயம். தக்கையைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் தக்கையைத் தின்றுவிடும். இப்போது மட்டம் குறைந்திருக்குமே?”

“நாலு வருடத்துக்கு முதலே மூன்று விரல்,” என்று நான்தான் சொன்னேன்.

“சூடு படுகிற இடமா?”

“கீழே ஹீற்றர்.”

“மூடியைச் சுற்றியிருந்த தாள் உப்பிப் பிளந்திருக்கும்,” என்றார் ஐலீன், பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி. “கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகத்தான் போகும், கீழே ஈரம்கூட இருக்காது. எங்களுக்கு இப்படி எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். மருமகன் குடித்துவிட்டான், வேலைக்கு வருகிற பெண் குடித்துவிட்டாள் என்று. யாரும் குடித்திருக்க மாட்டார்கள்.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டு மாணவர்களின் கேள்விக்குத் திரும்பிவிட்டார். நான் இவரின் முகத்தைப் பார்த்தேன். படத்தை வாங்கப் போன கை மேசைக்கு மேலேயே நின்றது. பிறகு ஒருவரிடமும் சொல்லாமல் எழுந்து வெளியே போனார். படத்தை நான்தான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வெளியே மழைத்தூறல். இவர் காருக்குள் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். நான் ஏறி இருந்தேன். அவரைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆறுதல் வரும் என்று நினைத்த இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

“நீர் ஒண்டும் கதைக்கேல்லை,” என்றார்.

“நாலு வருசமாக் கதைச்சனான். நீங்கள்தான் கேக்கேல்லை.”

“அவன் எடுக்கேல்லை எண்டு உமக்குத் தெரியுமோ?”

“என்ரை தம்பி. எனக்குத் தெரியாதோ?”

மீதி நாட்களில் ஒரு ஏரி பார்த்தோம், இடிந்த கோட்டை ஒன்று பார்த்தோம். அவற்றைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. கண் பார்த்தது, மனம் பிறம்ரனில் நின்றது.

போகிறவர்களுக்குச் சில சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பல வடிசாலைகள் பூட்டு, முதலே போன் எடுத்துக் கேளுங்கள். கோடை நடுவில் உலைகளை நிறுத்தித் துப்புரவு செய்கிற காலமும் உண்டு. அந்த நேரம் போனால் வெறும் செம்பைப் பார்த்துவிட்டு வருவீர்கள். ஆற்றங்கரையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நுளம்பு இருக்கிறது, எங்கள் ஊர் நுளம்பின் கால்வாசி அளவு, கடி இரண்டு மடங்கு. முழுக்கைச் சட்டை போடுங்கள். பன்னிரண்டு வருட விஸ்கி அங்கே 24 பவுண், ரொறன்ரோ விலையோடு பார்த்தால் பெரிய இலாபம் இல்லை. நாங்கள் வாங்கவில்லை. வீட்டில் போத்தல் வைத்திருக்கிறவர்கள் நிமிர்த்தி வையுங்கள், சூடும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். வயது ஏறும் என்று காத்திருக்காமல், சந்தோசம் வருகிற நாளில் திறந்து குடியுங்கள்.

இந்தப் பயணத்தில் இன்னும் ஒரு தூரம் பாக்கி. அதையும் எழுதாவிட்டால் கட்டுரை பாதியில் நின்றுவிடும்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை இவர் ஷேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, “வாரும், பிறம்ரனுக்குப் போவம்,” என்றார். மல்வேர்னிலிருந்து 401 மேற்கே, பிறகு 410 வடக்கே, ஐம்பத்தெட்டுக் கிலோமீற்றர். ஞாயிறு காலை ஐம்பது நிமிடம். அந்த வீதியில் இவர் இவ்வளவு மெதுவாக ஓட்டி நான் பார்த்ததில்லை. லொறிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின.

சிவா இருந்தது ஒரு மாடிக் கட்டடத்தின் ஏழாவது தட்டில், ஒற்றை அறை. கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், விலகி நின்று வழி விட்டான். இவர் கதிரை நுனியில் இருந்தார்.

“சொறி சிவா. ஒரு மிஸ்ரேக் நடந்துபோச்சு,” என்றார். பிறகு ஸ்கொட்லாந்துக் கதையைத் தொடங்கினார். தக்கை, ஹீற்றர், ஆவி, தாள் பிளந்தது. தொழிற்சாலையில் மெஷின் பழுதானதை விளக்குகிற மாதிரி விளக்கிக்கொண்டே போனார். சிவா குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டான்.

“அத்தான், தக்கையைப் பற்றி எனக்கு ஏன் சொல்லுறியள்?” என்றான். “நான் குடிக்கேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்.”

சிவா இன்னொரு கதிரையை இழுத்து இவருக்கு முன்னால் இருந்தான்.

“தெரியாதது அண்டைக்கு வந்திருந்த ஆக்களுக்குத்தான். இப்பவும் கடையிலை என்னைக் கண்டால் ஒரு சிரிப்புச் சிரிக்கினம். அவையளுக்கு முன்னாலைதானே ஊதச் சொன்னனீங்கள்? அவையளுக்கு முன்னாலை சொல்லுங்கோ. நான் வந்து இருக்கிறன். இஞ்சை இந்த அறைக்குள்ளை நீங்கள் சொறி சொல்லி எனக்கு ஒண்டும் ஆகப்போறேல்லை.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். ஆனால் அவன் கேட்டது பெரிய காரியம். எங்கள் ஆட்களிடையே அக்காவின் புருசன் என்றால் ஒரு படி மேலே. மச்சானிடம் சபையில் மன்னிப்புக் கேட்ட அத்தானை நான் கண்டதும் இல்லை, கேள்விப்பட்டதும் இல்லை. இவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காரில் ஏறி, 401இல் பாதித் தூரம் வந்த பிறகு, “அந்த நாலு குடும்பத்தையும் வாற சனிக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடும்,” என்றார்.

எல்லோரும் வந்தார்கள். என்ன விசேஷம் என்று கேட்டார்கள், நான் சொல்லவில்லை. கடைசியாகச் சிவா வந்தான். வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்பதுபோல் இருந்தான். நிலானி ஓடிப்போய் அவன் பக்கத்தில் இருந்துகொண்டாள். நாலு வருடத்தில் அவள் அவனின் தோளளவுக்கு வளர்ந்துவிட்டாள், அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இவர் எழுந்து நின்று போத்தலின் கதையைத் தொடங்கினார். பன்னிரண்டு பன்னிரண்டாகவே நின்ற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தக்கைக்கு வந்தபோது ஒரு அண்ணை, “அட, அப்ப தக்கைதான் கள்ளன்!” என்றார். வீடே அதிரச் சிரிப்பு. இவரும் சேர்ந்து சிரித்திருக்கலாம். அதோடு எல்லாவற்றையும் பகிடியாக்கி முடித்துவிட்டு, சாப்பிட வாங்கோ என்று சொல்லியிருக்கலாம். அப்படித்தான் செய்யப் போகிறார் என்று நான் பயந்தேன்.

“சிரிக்காதேங்கோ,” என்றார் இவர்.

சிரிப்பு நின்றது.

“நான் சிவாவை உங்கள் எல்லாருக்கும் முன்னாலை வாயை ஊதச் சொன்னனான். கள்ளன் எண்டு சொன்னனான். அவன் எடுக்கேல்லை. நான் அவன்ரை மானத்தைத்தான் எடுத்தனான்.” கனைத்துக்கொண்டார். “சிவா, நான் உனக்குச் செய்தது பெரிய பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளு.”

சொல்லிவிட்டு அவர் இருக்கவில்லை, நின்றுகொண்டே இருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சிவா கார்ப்பெற்றைப் பார்த்தபடி இருந்தான். குசினி அடுப்பில் வைத்த கறி அடிப்பிடிக்கிற மணம் வந்தும் நான் அசையவில்லை.

பிறகு அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“அக்கா, ஹோலுக்கு நான் எத்தினை மணிக்கு வரவேணும்?”

“எட்டு மணிக்கு,” என்றேன்.

“ஏழு மணிக்கே வந்து நிக்கிறன்,” என்றான்.

நான் குசினிக்குள் ஓடவில்லை. அத்தனை பேருக்கும் முன்னாலேயே நின்று அழுதேன்.